கெங்கம்மாள் வீட்டு டீ

கெங்கம்மாள் வீட்டில் ஒரு தடவை டீ குடித்தவர்கள் மறு தடவை கேட்டு வாங்கிக் குடிக்க மாட்டார்கள். அவ்வளவு தித்திப்பு. பாலாற்றை ஒட்டி, தோல்ஷாப்பில், அதாவது தோல் பதனிடுகிற தொழிற்சாலையில், வேலை செய்கிறவர்கள் குடியிருக்கிற தெரு அது. கிணறு, குழாய், போர் எல்லாத் தண்ணீரும் கரிப்பு. அந்தத் தண்ணீரில் டீ போட்டால் நாக்கில் உப்பு தட்டும். ஆகையால் ஆம்பூர்ப் பக்கம் யார் வீட்டிலும் சர்க்கரை ஒரு கை கூடத்தான் விழும். ஆனால் கெங்கம்மாளின் கை அந்தக் கணக்கில் சேராது. தெருவே கேன் தண்ணீர் வாங்க ஆரம்பித்த பிறகும் அவள் கை குறையவில்லை.

"இன்னாக்கா, டீயா பாயசமா?" என்று எதிர்வீட்டு பில்கிஸ் கிண்டல் செய்வாள்.

"எங்கூட்டு ஆம்பளைக்குத் தித்திப்பா இருந்தாதான் உள்ள எறங்கும்."

அதில் பொய் கிடையாது. உண்மை முழுசாகவும் கிடையாது.

முழு உண்மை இது. தினம் காலையில் கெங்கம்மாள் அடுப்பங்கரையில் முதுகைக் காட்டி நின்றுகொண்டு, ஒரு வெள்ளை மாத்திரையைக் காகிதத்தில் மடித்து, டம்ளர் அடியால் நசுக்குவாள். அந்தப் பொடி முதலில் டம்ளருக்குள் போகும். அதன் மேல் சர்க்கரை, மூன்று கரண்டி, குவித்து. அதன் மேல் கொதிக்கக் கொதிக்க டீ. ஆற்றி எடுத்துக்கொண்டு போய் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் கன்னியப்பன் கையில் கொடுப்பாள். அவர் கடைசிச் சொட்டு குடிக்கிற வரைக்கும் நகர மாட்டாள். தெருவைப் பார்க்கிற மாதிரி நிற்பாள். குடித்ததும் டம்ளரை வாங்கிக்கொண்டு போய் உடனே கழுவிவிடுவாள். பார்க்கிறவர்கள், கட்டினால் இப்படி ஒரு பொண்டாட்டியைக் கட்ட வேண்டும் என்பார்கள்.

மகள் தமிழினி எட்டாவது படிக்கும்போது ஆரம்பித்தது. இப்போது தமிழினி ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள், அவள் மகனே பள்ளிக்கூடம் போகிறான்.

கன்னியப்பன் அந்தக் காலத்தில் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டி ஆள். முழங்கால் ஆழச் சுண்ணாம்புத் தண்ணீரில் நின்று தோலைப் புரட்டிப் போடுகிற வேலை. பிறகு டிரம்முக்கு மாற்றினார்கள். லாரிச் சக்கரத்தைவிடப் பெரிய மர டிரம் சுற்றிக்கொண்டே இருக்கும். உள்ளே குரோம் கரைசல். வெள்ளையாகப் போகிற தோல் நீலமாக வெளியே வரும். அங்கே போன இரண்டாம் வருஷம் ஒரு நாள் சாப்பாட்டுத் தூக்கைத் திறக்காமலே திருப்பிக் கொண்டுவந்தார்.

"மேஸ்திரி சோத்துல குரோம் கலக்குறான் மே."

"ஏன்யா கலக்குறான்? நீ அவனுக்கு இன்னா பண்ண?"

"அதான் தெரில. பாரு, நீலம் தெரியுது பாரு."

சோறு மல்லிகைப் பூவாட்டம் வெள்ளையாக இருந்தது. கெங்கம்மாள் ஒரு பிடி அள்ளித் தின்று காட்டினாள். அவர் நம்பவில்லை. பிறகு வீட்டுச் சோற்றையும் நிறுத்தினார். குழம்பைக் கோழிக்கு ஊற்றிவிட்டுக் கோழி சாகிறதா என்று பக்கத்தில் குந்திப் பார்த்துக்கொண்டிருந்தார். கோழி சாகவில்லை. கோழியையும் மேஸ்திரி கைக்குள் போட்டுக்கொண்டான் என்றார். சிரிக்கவா முடியும்? ஆள் எலும்பும் தோலுமாகிப் போனார். சுவரைப் பார்த்துச் சண்டை போட்டார். ஒரு நாள் தோல் இழுக்கிற கொக்கியை எடுத்துக்கொண்டு மேஸ்திரியைத் துரத்தினார். அன்றைக்குத்தான் பங்காளிகள் அவரைக் கயிற்றில் கட்டி டெம்போவில் போட்டு வேலூருக்கு, மனசு சரியில்லாதவர்களைப் பார்க்கிற ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

தெளிந்துதான் வந்தார். ஆனால் வீட்டுக்கு வந்ததும் மாத்திரைப் பட்டையைத் தூக்கிக் கூரை மேல் எறிந்தார். "இதுலதான் கலக்கி அனுப்புறானுங்க." வாயில் போட்டால் நாக்குக்கு அடியில் ஒதுக்கிக்கொண்டு வெளியே வந்து துப்பினார். பழையபடி சுவரோடு பேச்சு. தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன முழம் என்ன என்று கெங்கம்மாள் ஒரு காலையில் டம்ளரை எடுத்தாள். அன்றைக்கு டீ பாதி கீழே சிந்தியது. சில வாரம் போனதும் ஒரு மத்தியானம் அவர் தட்டை நீட்டி, "இன்னும் கொஞ்சம் சோறு போடு மே" என்றார். இனி இந்தக் கையை நிறுத்த முடியாது என்று அவளுக்கு அப்போது தெரிந்தது.

அதே சமயம் அவருடைய அண்ணன் தர்காவில் ஓதின தாயத்து ஒன்றைக் கொண்டுவந்து கட்டியிருந்தார். குணமானது தாயத்தால்தான் என்று கன்னியப்பன் நம்பினார். வியாழக்கிழமைதோறும் அதற்குச் சாம்பிராணி காட்டினார். கெங்கம்மாளும் கூடவே நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். வேறென்ன செய்வாள்? பஜாரில் ஒரு மருந்துக்கடையில் பழைய சீட்டைக் காட்டினால் மாத்திரை கொடுத்தார்கள். ஆஸ்பத்திரிக்கு ஆளைத் திரும்ப அழைத்துப் போகவேயில்லை. அழைத்துப் போனால் எதற்கு என்று கேட்பார். நல்லா இருக்கிற ஆளுக்கு எதற்கு ஆஸ்பத்திரி?

நல்லாத்தான் இருந்தார். திரும்ப வேலைக்குப் போனார். மகளைக் கட்டிக் கொடுத்தார். கை கால் ஓய்ந்த பிறகு பச்சைத்தோல் மண்டி ஒன்றில் காவலுக்கு உட்கார்ந்தார். இரண்டு மூன்று வருஷமாகத் தண்ணீர் சொம்பு சொம்பாகக் குடித்தார். ராத்திரியில் அடிக்கடி எழுந்தார். சட்டை தொளதொளத்தது. வயசாகிறதல்லவா என்று இருந்துவிட்டார்கள். குளியலறையில் எறும்பு மொய்த்தது. டம்ளரிலும் மொய்த்தது. அந்தத் தித்திப்புக்கு எறும்பு வராமல் இருந்தால்தானே அதிசயம்!

மாசி மாதக் கடைசியில் ஒரு சாயங்காலம் மண்டியிலிருந்து வந்தவர் வாசலில் செருப்பைக் கழற்றினார். ஒரு செருப்பு கழன்றது. இன்னொன்று காலோடு வந்தது. உதறினார், விழவில்லை. கெங்கம்மாள் குனிந்து பார்த்தாள். ஆற்றோரத்து வேலிகாத்தான் முள், விரல் நீளம், ரப்பர்ச் செருப்பைத் துளைத்துக்கொண்டு கட்டைவிரலுக்குக் கீழே ஏறியிருந்தது. பிடுங்கினாள். ரத்தம் கறுப்பாக வந்தது.

"ஐயோ, இதோடவா நடந்து வந்த? வலிக்கல?"

அவர் சிரித்தார். "சுண்ணாம்பு தின்ன காலு மே இது. இதுக்கு முள்ளு தெரியுமா, நெருப்புதான் தெரியுமா?"

அந்தத் தெருவில் அது ஒரு பெருமை. தொட்டியில் நின்ற ஆண்கள் நெருப்புக் கங்கை மிதித்து பீடி பற்றவைத்துக் காட்டுவார்கள். ஆகவே கால் மரத்துப் போவது அங்கே ஒரு சீக்காக யாருக்கும் தோன்றாது. புண்ணுக்கு வைத்தியமும் ஷாப்பு வைத்தியம்தான். தோலைக் கெட்டுப் போகாமல் பதப்படுத்துவது கடுக்காய். தோலுக்கு ஆகிறது மனுஷத்தோலுக்கு ஆகாதா? கெங்கம்மாள் கடுக்காயை இடித்துச் சலித்து, புண்ணில் வைத்து அமுக்கிக் கட்டினாள். தினம் கட்டினாள். புண் மேலே காய்ந்தது. தோல் கறுத்து, இறுகி, கெட்டியாக உட்கார்ந்தது. கன்னியப்பன் அதை விரலால் தட்டிப் பார்த்தார்.

"டக்கு டக்குனு சத்தம் வருது பாரு. எக்ஸ்போர்ட் சரக்கு!"

இரண்டு பேரும் சிரித்தார்கள். உள்ளே என்ன நடக்கிறதென்று தோல் காட்டவில்லை.

ரம்ஜான் வந்தது. ஷாப்புகள் எல்லாம் மூடி, டிரம் சத்தம் அடங்கி, தெரு ஊமையாகிவிட்ட மாதிரி இருந்தது. வருஷத்தில் அந்த இரண்டு மூன்று நாள்தான் அங்கே காற்று காற்றாக அடிக்கும். தமிழினி லீவுக்கு வந்திருந்தாள். உள்ளே நுழைந்ததும் மூக்கைப் பொத்தினாள்.

"இன்னாம்மா இது, நாத்தம் கொடலப் புடுங்குது?"

"இன்னா நாத்தம்? நம்மூரு நாத்தந்தான். ஓசூருக்குப் போனதும் மூக்கு நீண்டுடுச்சா?"

"ஷாப்புதான் லீவாச்சேம்மா."

கெங்கம்மாள் மூச்சை இழுத்து மோந்து பார்த்தாள். பிறந்ததிலிருந்து மூக்கோடு ஒட்டின நாற்றத்துக்குள் இன்னொரு நாற்றம் நுழைந்து உட்கார்ந்தால் எப்படித் தெரியும்?

அந்த நேரம் பார்த்து பில்கிஸ் தூக்கில் சீர்குருமா, பாலில் காய்ச்சின சேமியாப் பாயசம், கொண்டுவந்தாள். கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த கன்னியப்பனுக்குக் கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்தாள். அவர் முந்திரியைத் தேடித் தேடித் தின்றார். தமிழினி நாற்றத்தைப் பிடித்துக்கொண்டே போய்க் கட்டிலின் கால்மாட்டில் நின்றாள். குனிந்தாள். கறுப்புத் தோலை விரலால் அமுக்கினாள். தோல் விரிந்து, உள்ளிருந்து சீழ் வழிந்து பாயில் இறங்கியது. பில்கிஸ் "யா அல்லா" என்று முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

கன்னியப்பன் கிண்ணத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. "இன்னாடி பண்ற கால?" என்றார், இன்னொரு வாய் குடித்துக்கொண்டே.

காரை வைத்துக்கொண்டு வேலூருக்குப் போனார்கள். வெயில் கொளுத்தியது. பள்ளிகொண்டா டோல்கேட்டில் வண்டி நின்றபோது அவர் பின்சீட்டில் படுத்தபடி கண்ணைத் திறந்து, "ரங்கநாதரும் படுத்துனு கீறாரு, நானும் படுத்துனு கீறேன்" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் விரலில் குத்தி ஒரு சொட்டு எடுத்து மிஷினில் வைத்தார்கள். மிஷின் எண்ணைக் காட்டாமல் 'ஹை' என்று எழுத்தைக் காட்டியது. இளவயது டாக்டரம்மா காலைப் பார்த்தார். இரண்டு விரல் எடுக்க வேண்டும், தாமதித்தால் பாதம் போகும் என்றார். பிறகு கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார்.

"ஐயா, வேற ஏதாவது மாத்திரை சாப்பிடறீங்களா? பிரஷருக்கு, தூக்கத்துக்கு?"

"நானா? நான் மாத்திரையே தொடறதில்லம்மா. எனக்கு எல்லாம் இதான்" என்று தாயத்தைக் காட்டினார்.

டாக்டரம்மா கெங்கம்மாளைப் பார்த்தார். கெங்கம்மாள் மின்விசிறியைப் பார்த்தாள். "ஒண்ணும் இல்லம்மா" என்றாள்.

தமிழினி அம்மாவின் கையைப் பிடித்து வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போனாள். அவளுக்கு எல்லாம் தெரியும். அம்மா காய்ச்சலில் படுத்த நாட்களில் டம்ளர் அடியில் மாத்திரையை நசுக்கினவள் அவள்தான்.

"மயக்க மருந்து குடுக்கப் போறாங்கம்மா. இப்பவும் சொல்லலன்னா எப்பம்மா சொல்லுவ?"

"சொன்னா அவருக்குத் தெரிஞ்சிடுமேடி."

"அப்பா உசிரு பெருசா, ஒன் ரகசியம் பெருசா?"

அப்புறம் சொன்னாள். சுவரோரம் நின்று, புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டு, எல்லாவற்றையும் சொன்னாள். டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலாம் போலிருந்தது கெங்கம்மாளுக்கு.

"ரத்தம் கடைசியா எப்ப பாத்தீங்க?"

"பாத்ததே இல்லம்மா."

"இந்த மாத்திரை சாப்பிடறவங்களுக்குச் சர்க்கரை ஏறும்மா. அதனாலதான் அப்பப்ப ரத்தம் பாத்துக்கணும். வயசும் ஆயிடுச்சு. அதுக்கு மேல நீங்க டீயில வேற..." அவர் நிறுத்திக்கொண்டார்.

"அப்ப அவுரு கால நான்தான் அழுக வெச்சேனா?"

"அப்படிச் சொல்லல. நீங்க குடுக்கலன்னா அவர் இத்தனை வருஷம் சம்பாதிச்சு, சாப்பிட்டு, பேரனைப் பாத்திருக்க முடியாது. அதுவும் நிஜம்தான். ஆனா இப்ப நிலைமை வேற. மாத்திரையைச் சட்டுனு நிறுத்தினா பழையபடி வந்துடும். மனநல டாக்டர் வந்து பாத்து மாத்திக் குடுப்பாரு. தித்திப்பு தொடவே கூடாது. அதோட தினம் இன்சுலின் ஊசி. டீயில ஊசியைக் கரைக்க முடியாதும்மா. அவருக்குத் தெரிஞ்சாகணும். நான் சொல்லட்டுமா, நீங்க சொல்றீங்களா?"

"நானே சொல்றேன்."

சொல்லியிருந்தால் கதை நேராகப் போயிருக்கும். மனசு கேட்கவில்லையே! சாயங்காலம் கெங்கம்மாள் கேன்டீனில் சர்க்கரை போடாமல் ஒரு டீ வாங்கினாள். வராந்தா மூலையில் நின்று பொடியைக் கலந்தாள். இந்த ஒரு தடவை இறங்கிவிட்டால் நாளைக்கு ஒரு வழி பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள். கன்னியப்பன் ஒரு வாய் குடித்தார். வாயிலேயே வைத்திருந்தார். பிறகு கட்டிலுக்குக் கீழே துப்பினார்.

"கசக்குது."

"சக்கர போடாத டீ கசக்காதா? சுகர்னு சொல்லிட்டாங்கல்ல."

"டீக் கசப்பு எனக்குத் தெரியாதா?" டம்ளரைச் சாய்த்து உள்ளே பார்த்தார். "இன்னா கலந்த?"

அவள் எப்போதோ அவர் வாயில் கேட்ட கேள்வி அது. அப்போதிருந்த அதே குரல். அவர் கண் டம்ளரை விட்டு, கையில் சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்த சலைன் குழாய்க்குப் போயிற்று. அங்கிருந்து நர்ஸுக்கு. அங்கிருந்து கதவுக்கு. கெங்கம்மாளுக்குப் புரிந்துவிட்டது. இன்னும் கொஞ்ச நேரம் சும்மா இருந்தால் அவர் குழாயைப் பிடுங்குவார். பிடுங்கினால் கால் போகும். காலோடு ஆளும் போவார்.

கட்டில் ஓரம் உட்கார்ந்தாள்.

"மாத்திரை கலந்தேன்."

"இன்னா மாத்திரை?"

"ஒனக்குப் புத்தி பிசகாம இருக்கறதுக்கு. அன்னிக்கு வேலூர்ல குடுத்தாங்கல்ல, அதே மாத்திரை."

"எப்பலேர்ந்து?"

"அப்பலேர்ந்து."

"தெனமா?"

"தெனம். காலைல டீயில."

பக்கத்துக் கட்டிலில் யாரோ இருமினார்கள். தமிழினி கால்மாட்டில் நின்று அழுதுகொண்டிருந்தாள். கெங்கம்மாளுக்கு அழுகை வரவில்லை.

"அப்ப மேஸ்திரி குரோம் கலக்கல."

"கலக்கல."

"நீதான் கலந்த."

"நான்தான் கலந்தேன்."

"எல்லாரும் என்னப் பைத்தியம்னாங்களே மே. சோத்துல கலக்கறாங்கன்னு சொன்னதுக்குத்தான என்னக் கட்டித் தூக்கினு போனாங்க. அப்பறம் ஊட்லயே கலந்துகீறீங்க."

"நீ எங்கியாவது போய்ச் சாவாம இருக்கணும்னு பண்ணேன்யா. வேற ஒண்ணுமில்ல. சத்தியமா வேற ஒண்ணுமில்ல."

அவர் தாயத்தைத் தொட்டுப் பார்த்தார். அதைக் கழற்றிவிடுவார் என்று நினைத்தாள். கழற்றவில்லை. "இது பாட்டுக்குச் சும்மா இருந்துச்சி. இது பொய் சொல்லல" என்றார். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

குழாயைப் பிடுங்கவில்லை. மறுநாள் ஆபரேஷனுக்கு அவரே கையெழுத்துப் போட்டார். விரல் இரண்டும் போயின. மனநல டாக்டர் வந்து அவரிடமே நேராகப் பேசி, மாத்திரையைக் கையில் கொடுத்து, இது இன்னது, இது எதற்கு என்று சொன்னார். வாங்கிப் பார்த்தார். தண்ணீர் கேட்டார். விழுங்கினார். இத்தனை சுலபமா என்று கெங்கம்மாள் தூணோரம் நின்று வெறித்தாள்.

ஆனால் அவள் கொடுத்ததை அவர் தொடவில்லை. இட்லி கொண்டுபோனாள். "அங்க வெய்யி" என்றார். அது ஆறிப்போய் ஈ மொய்த்தது. தமிழினி கடைப் பொட்டலத்தை அவர் எதிரில் பிரித்துக் கொடுத்தால் தின்றார். நர்ஸ் கொடுத்தால் குடித்தார். ஒரு சண்டை இல்லை, வசவு இல்லை. திட்டு, அடி என்று காலைப் பிடிக்கலாம் என்றால் அதற்கும் இடமில்லை. அந்தக் காலில் பெரிய கட்டு.

வீட்டுக்கு வந்தும் அப்படியே. கன்னியப்பன் அடுப்பைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டார். தடி ஊன்றி நின்று கேழ்வரகுக் களி கிண்டினார். கீரை கடைந்தார். பில்கிஸ் கோதுமைக் கஞ்சி கொண்டுவந்தால் வாங்கிக் குடித்தார். காலையில் கேன் தண்ணீரைத் தானே பிடித்து, மாத்திரைப் பட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பெயரை ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்து, தானே பிய்த்து விழுங்கினார். நர்ஸ் சொல்லிக் கொடுத்தபடி வயிற்றுத் தோலைப் பிடித்து ஊசியைத் தானே குத்திக்கொண்டார். டாக்டரம்மா சொன்னதெல்லாம் நடந்தது. சர்க்கரை இறங்கியது. புத்தி நின்றது. மாசாமாசம் பரிசோதனைக்குப் போனால், ஐயா ரொம்ப ஒழுங்கு என்று மெச்சினார்கள்.

கெங்கம்மாள் தன்னுடைய சோற்றைத் தனியாக வடித்துத் தனியாகத் தின்றாள். காலையில் விழிப்பு வந்ததும் கை தானாக டம்ளரைத் தேடும். பிறகு ஞாபகம் வந்து, கையை மடியில் வைத்துக்கொள்வாள்.

பகலில் பில்கிஸும் அவளும் ஷூவின் மேல்தோல் தைப்பார்கள். கம்பெனியிலிருந்து வெட்டின துண்டுகளை மூட்டையாகக் கொண்டுவந்து போடுவார்கள். தோலில் ஏற்கனவே ஓட்டை இருக்கும். இரண்டு ஊசியை எதிரும் புதிருமாக விட்டு, மெழுகு நூலை இழுத்துச் சுருக்கம் விழ வைக்க வேண்டும். ஒரு நாள் தைத்துக்கொண்டிருக்கும்போது பில்கிஸ் அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அக்கா, ரத்தம்!"

ஊசி ஆள்காட்டி விரலில் ஏறி நின்றது. பழுப்புத் தோலெல்லாம் சிவப்பு.

"தெரியலியாக்கா?"

"தெரில."

பில்கிஸ் ஊசியைப் பிடுங்கி, கிழிந்த துணியைச் சுற்றினாள். "மாத்திரை குடுத்தது நல்லதுக்குத்தான? ஊரே சொல்லுது. ஒருத்தர் வாய்லகூட கெட்டதா வரல. ஏங்கா இப்டி பேஜாராவுற?"

"நல்லதுதான். எவ இல்லன்னா? தப்பு பண்ணிட்டன்னு ரெண்டு சாத்து சாத்தினா வாங்கிப்பேன். எங்கூட்டு ஆம்பள எங்கையால ஒரு வாயி திங்க மாட்டேங்குது பில்கீசு. கட்டினு வந்த நாள்லேர்ந்து பொங்கிப் போட்ட கையி இது." கையைத் தூக்கிப் பார்த்தாள், வேறு யாருடையதையோ பார்க்கிற மாதிரி. "வெஷம் வெச்ச கையாட்டம் ஒதுங்கிப் போவுது."

பில்கிஸ் நூலுக்கு மெழுகு தேய்த்தாள்.

ஆடி பிறந்து, மண்ணை வாரி இறைக்கிற காற்று அடித்துக்கொண்டிருந்தது. ஒரு காலையில் கெங்கம்மாள் வாசலில் பாயை விரித்து மூட்டையை அவிழ்த்தாள். உள்ளே அடுப்பில் டீ கொதிக்கிற வாசனை. தனக்குப் போட்டுக்கொள்கிறார், வழக்கம்தான். தடி தட்டுகிற சத்தம் வந்தது. இரண்டு விரல் இல்லாத கால் பாயோரம் வந்து நின்றது. நிமிர்ந்தாள். கன்னியப்பன் கையில் ஒரு டம்ளர். குனிந்து அவள் பக்கத்தில் வைத்தார்.

"குடி மே."

கெங்கம்மாள் ஊசியைத் தோலில் குத்தி வைத்துவிட்டு, டம்ளரை இரண்டு கையாலும் எடுத்தாள். வாய்க்குக் கொண்டுபோகிறவள், அவளையும் அறியாமல் டம்ளரைச் சாய்த்து உள்ளே பார்த்தாள். அடியில் ஏதாவது கிடக்கிறதா என்று பார்த்தாள். பார்த்துவிட்டாள். கண்ணைத் தூக்கினால் அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் சும்மா..." என்றாள்.

"பாரு பாரு. பாக்கறதுல இன்னா?" கோபம் இல்லை அந்தக் குரலில். "நானும் அப்டித்தான் பாத்துனு இருந்தேன். மொத தபா வேலூர்லேர்ந்து வந்த புதுசுல. நீ குடுக்கறத எல்லாம் திருப்பித் திருப்பிப் பாப்பேன். அப்பறம் நீதான குடுக்கறன்னு பாக்கறத உட்டுட்டேன்."

தெருவில் ஷாப்புச் சங்கு ஊதியது. டிரம்கள் ஒவ்வொன்றாகச் சுற்ற ஆரம்பித்தன.

கெங்கம்மாள் குடித்தாள். சர்க்கரை துளியும் இல்லை. வெறும் டீத்தூள் கசப்பு, தொண்டை வரைக்கும். கீழே வைக்காமல், மூச்சு விடாமல் குடித்தாள். அவள் கடைசிச் சொட்டு குடிக்கிற வரைக்கும் அவர் அங்கேயே நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு டம்ளரை வாங்கிக்கொண்டு, தடியை ஊன்றி, கழுவ உள்ளே போனார்.